லிப்பியைச் சந்தேகத்தோடு புதைத்துவிட்டுப் போனவர்களுக்கு

டேமன் லிண்டலாஃப், கார்ல்டன் கியூஸ் இருவருக்கும், விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' என்ற அமெரிக்க டிவி தொடரை உங்களோடு உட்கார்ந்து எழுதிய மற்ற எல்லாருக்கும்,

வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். தொடர் 2010 மே 23-ஆம் தேதியே முடிந்துவிட்டது, இத்தனை வருஷம் கழித்து என்ன மடல் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு முடிந்துவிட்டது, எங்களுக்கு முடியவில்லை. எங்கள் பக்கம் அது டிவியில் ஓடிய காலத்திலேயே பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. பென்டிரைவிலும் ஹார்டு டிஸ்கிலும் கைமாறிக் கைமாறித்தான் வந்து சேர்ந்தது, இன்றைக்கும் யாராவது ஒருவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சித்தி மகள் சமீபத்தில் ஆறு சீசனையும் முடித்துவிட்டு எனக்குப் போன் போட்டாள். தீவைப் பற்றிக் கேட்கவில்லை, கரும்புகையைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணா, அந்த லிப்பி நல்லவளா கெட்டவளா? கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். கேள்வியே அப்படி வந்ததற்குக் காரணம் நீங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வழக்கமாக வரும் புகார்க் கடிதம் இல்லை இது. தீவு என்றால் என்ன, அந்த ஒளி எங்கிருந்து வருகிறது, 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களுக்கு என்ன சக்தி, இதெல்லாம் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் விட்டதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஒரு தீவு மர்மமாக இருக்கலாம், இருந்தால்தான் அழகு. ஆனால் ஒரு மனுஷியை, அதுவும் நீங்களே செத்துப்போக வைத்த ஒரு மனுஷியை, பதில் சொல்ல முடியாத இடத்துக்கு அனுப்பிவிட்டு அவள் மேல் ஒரு சந்தேகத்தை மட்டும் நிற்க வைத்துவிட்டுப் போவது வேறு விஷயம்.

நீங்கள் எழுதியதையே வரிசையாகப் பாருங்கள். விமானத்தின் வால் பகுதியில் வந்து தப்பித்தவர்களில் ஒருத்தி லிப்பி. அந்தப் பக்கம் கரையில் டொனால்டு என்பவருக்குக் கால் முறிந்து கிடக்கும்போது, மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவள் என்று சொல்லிக்கொண்டே அந்த எலும்பை இழுத்து நேர் செய்கிறாள். பிறகு தப்பித்த மற்ற பயணிகள் இருக்கும் இந்தப் பக்கம் வந்ததும் தான் ஒரு மனநல நிபுணர் என்கிறாள், அங்கிருந்த கிளேர் என்ற பெண்ணுக்கு மறந்துபோனதை மெதுவாகப் பேசிப் பேசியே நினைவுக்குக் கொண்டுவருகிறாள். இன்னொரு பயணியான ஹர்லி அவளைப் பார்த்து உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்கிறான், விமானத்தில் நீ என் காலை மிதித்துவிட்டாய் என்று சமாளிக்கிறாள். 2006 ஏப்ரல் 5-ஆம் தேதி ஒளிபரப்பான 'டேவ்' எபிசோடில், தன் கற்பனை நண்பன் பேச்சைக் கேட்டு மலை விளிம்பிலிருந்து குதிக்கப் போகிற ஹர்லியைத் தடுத்து, இதெல்லாம் நிஜம், எங்களுக்கு நடந்ததும் நிஜம் என்று பேசி, முத்தம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அதற்கு அடுத்த காட்சியில் நீங்கள் கேமராவை சாண்டா ரோசா மனநல மருத்துவமனைக்குத் திருப்பினீர்கள். ஹர்லி நோயாளியாக இருந்த அதே ஹாலில், கறுத்த முடி கலைந்து, கண் எங்கேயோ நிலைகுத்தி, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் வந்து மாத்திரை கொடுக்கிறார். லிப்பி.

அந்த ஒரு நிமிடத்தில் அடிவயிறு சில்லிட்டது உண்மை. இவ்வளவு சின்னக் காட்சியில் இவ்வளவு செய்ய முடியுமா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் நீங்கள் அதற்குப் போட்ட இசையையும் அந்த வெட்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது ஒரு வில்லியை அடையாளம் காட்டும் விதம். இவள் ஏதோ திட்டத்தோடு வந்தவள், இவனைப் பின்தொடர்ந்து வந்தவள் என்று எங்களை நினைக்க வைத்தீர்கள். நினைக்க வைத்துவிட்டு மே 3-ஆம் தேதி, சுற்றுலாவுக்கு விரிக்கப் போர்வை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் வந்தவளை சக பயணி மைக்கேல் கையால் சுடவைத்தீர்கள். அடுத்த வாரமே இறந்தும் போனாள். சாகும்போது "மைக்கேல்" என்று பெயரைச் சொல்லி எச்சரிக்கப் பார்க்கிறாள், பக்கத்தில் இருந்த மருத்துவர் ஜாக் அதை அவனைப் பற்றிய அக்கறை என்று எடுத்துக்கொள்கிறான். கடைசி வார்த்தையைக்கூட சரியாகப் புரிந்துகொள்ள ஆளில்லை அவளுக்கு.

அடக்கம் நடக்கும்போது ஹர்லி நின்று பேசுகிறான். அவள் மனநல நிபுணர், எல்லாருக்கும் உதவினாள், எனக்கு நண்பி என்கிற அளவுதான் அவனுக்குச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அதே நேரத்தில் கடலில் ஒரு பாய்மரப் படகு வருகிறது. அது அவளுடைய படகு என்பது அங்கே நிற்கிற ஒருத்தருக்கும் தெரியாது, எங்களுக்கும் அடுத்த வாரம்தான் தெரிந்தது. தீவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாள், காபிக் கடையில் காசில்லாமல் நின்ற டெஸ்மண்ட் என்பவனுக்குப் பணம் கொடுக்கிறாள், உலகைச் சுற்றும் படகுப் போட்டிக்குப் போக படகு இல்லை என்று அவன் சொன்னதும் என்னிடம் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறாள். கணவர் நோய்வாய்ப்பட்டு இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது, அந்தப் படகுக்கு அவர் வைத்திருந்த பெயர் எலிசபெத், இவள் பெயர். தன் பெயர் எழுதிய படகு தன் அடக்கத்துக்கு வந்து நிற்கிறது. இதை எழுதியவர்கள் சாதாரண எழுத்தாளர்கள் இல்லை, அது எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

இதற்கப்புறம் நாங்கள் எல்லாரும் போட்ட கணக்குகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தீவில் ஆராய்ச்சி நடத்திய தர்மா அமைப்பின் ஆள் என்றார்கள் (எங்கள் ஊர்ப்பெயரில் பாதி இருப்பதால் அந்த அமைப்பின் மேல் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம்). தீவைத் தேடிக்கொண்டிருந்த கோடீஸ்வரர் விட்மோர் வைத்த ஆள், டெஸ்மண்டைத் தீவுக்கு அனுப்பவே படகு கொடுத்தாள் என்றார்கள். ஹர்லியின் லாட்டரிப் பணத்துக்காகப் பின்தொடர்ந்தவள் என்று சொன்னவர்களும் உண்டு. என் சித்தி மகள் கேட்டதும் இதே வரிசையில் வருகிற கேள்விதான்.

எனக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒட்டவில்லை. நீங்கள் எழுதியதிலேயே நேரான பதில் ஒன்று இருக்கிறது. புருஷன் செத்துப் போகிறான். ஒரு மாதத்தில் அவன் நினைவாக இருந்த படகைத் தெரியாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், வீட்டில் அவர் சட்டையைப் பார்க்கக்கூட முடியாமல் மொத்தமாக யாருக்காவது கொடுத்து விடுகிறவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். அப்புறம் அந்தத் துக்கத்திலேயே மனம் உடைந்து சாண்டா ரோசாவில் சேர்கிறாள், தேறி வெளியே வருகிறாள். தீவில் ஹர்லியைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலை மிதித்தாய் என்று ஒரு பொய். இவ்வளவுதான். உளவாளியும் இல்லை, சதியும் இல்லை.

அந்த வெட்கம் எங்களுக்குப் புதிது இல்லை. இங்கே ஒருவர் மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைப்பார்கள், வேலையில் மறைப்பார்கள், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரும்போதுகூட மாத்திரை டப்பாவைப் பையின் அடியில் ஒளித்து வைப்பார்கள். கோபத்தில் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிறது ஊர், சென்னை கீழ்ப்பாக்கத்தில் அந்த மருத்துவமனை இருப்பதால். அப்படித் திட்டுகிற வீட்டிலேயே சிகிச்சை எடுக்கிற ஒருவர் அடுத்த அறையில் இருப்பார், வாயைத் திறக்க மாட்டார். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார், அவரை எல்லாரும் பேசிய விதத்தை நான் மறக்கவில்லை. மருத்துவமனையில் இருந்தவள் என்று தெரிந்த அந்த நொடியிலேயே "அப்போ இவள் ஏதோ மறைக்கிறாள், ஆபத்தானவள்" என்று எங்களை நினைக்க வைத்தீர்களே, அதே நினைப்புதான் இங்கே ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறது. ஹர்லியும் அதே மருத்துவமனையில்தான் இருந்தான். அவன் பக்கம் நின்று, அவன் பயத்தையும் குற்ற உணர்ச்சியையும் நாங்கள் புரிந்துகொள்ள எத்தனை எபிசோடு கொடுத்தீர்கள்! ஹர்லியாக ஹோர்ஹே கார்சியா நடித்ததைப் பார்த்து அழாதவர்கள் யார்? லிப்பியாக நடித்த சிந்தியா வாட்ரோஸுக்கு அந்த வாய்ப்பு ஒரு எபிசோடுகூட கிடைக்கவில்லை. ஆண் நோயாளிக்குக் கதை, பெண் நோயாளிக்குத் திகில் இசை.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயலோரம், ஏரிக்கரை, மலையடிவாரம் என்று எங்கே பார்த்தாலும் நடுகல் உண்டு. பல கற்களை வேடியப்பன் என்று இன்றைக்கும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள், சிலவற்றை தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய கற்கள் அவற்றில் உண்டு. வட்டெழுத்தில் நாலைந்து வரிதான் இருக்கும்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய சேவகன், தொறு மீட்டுப் பட்டான் இன்னான். தொறு என்றால் மாட்டு மந்தை. செத்தவன் பெரிய ராஜா இல்லை, மாடு மீட்கப் போன ஒரு ஆள். ஆனாலும் யார், யாருக்காக, எதனால் என்று மூன்றையும் கல்லில் வெட்டிவிட்டுத்தான் போனார்கள், பின்னால் வருகிறவன் தப்பாகப் பேசக்கூடாது என்பதற்காகவோ என்னவோ. லிப்பிக்கு நீங்கள் வைத்தது பெயர் மட்டும் உள்ள கல்.

சரி செய்ய உங்களுக்கு இடமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2008-இல் மைக்கேலின் குற்ற உணர்ச்சிக்கு அவளைப் போர்வையோடு கொண்டுவந்தீர்கள், அதிலும் அவள் அவன் மனசாட்சியாகத்தான் வந்தாள், அவளாக வரவில்லை. ஆறாவது சீசனில் ஹர்லி அவள் கல்லறைக்குப் போய், செத்தவர்கள் இத்தனை பேர் என்னிடம் வந்து பேசுகிறார்கள், நீ மட்டும் ஏன் வரவில்லை என்கிறான். எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்றால் அது நாங்கள் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, அதை அவன் வாயில் வைத்தீர்கள். அந்த எபிசோடிலேயே அந்த சீசனில் நீங்கள் காட்டிய மறுபக்க உலகத்தில் அவள் மறுபடியும் சாண்டா ரோசாவில் இருக்கிறாள், தானாகவே வந்து சேர்ந்தவளாக. ஹர்லியை எனக்குத் தெரியும் என்று சொல்கிறாள், மருத்துவர் அவள் மனநிலை சரியில்லை என்று அழைத்துக்கொண்டு போகிறார். கடைசியில் அவள் சொன்னதுதான் உண்மை என்று தெரிகிறது. மொத்தத் தொடரிலும் லிப்பிக்கு நீங்கள் செய்த ஒரே நியாயம் அதுதான், அந்தக் கடற்கரைச் சுற்றுலாவும் சேர்த்து. ரொம்ப அழகாக இருந்தது. ஆனால் காதல் கிடைத்ததே தவிர அவள் கதை கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது தொடர் முடிந்த பிறகு டிவிடியோடு வந்த கூடுதல் படம். துருவக் கரடிக்குப் பதில் சொன்னீர்கள், வானத்திலிருந்து உணவுப் பெட்டி விழுந்ததற்குப் பதில் சொன்னீர்கள், ஹர்லி பெயரைக் கத்தின பறவைக்குக்கூடப் பதில் சொன்னீர்கள். மைக்கேலின் மகன் வால்ட்டைக் கூட்டிப்போக, ஹர்லிக்குத் துணையாக இருந்த பென்னை எங்கே அனுப்பினீர்கள்? சாண்டா ரோசாவுக்கு! அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய் வைத்தீர்கள், வெளியே வண்டியில் ஹர்லியையும் உட்கார வைத்தீர்கள், லிப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பறவைக்கு இருந்த இடம் அவளுக்கு இல்லையா?

நடிகைக்கு நேரம் ஒத்துவந்திருக்காது, கதை வேறு பக்கம் போயிருக்கும், 121 எபிசோடு எழுதுவது என்ன பாடு என்பது பார்க்கிறவனுக்குத் தெரியாது. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதனால் புதிய சீசன் கேட்கவில்லை, படம் கேட்கவில்லை. ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள் போதும். அவள் சாண்டா ரோசாவில் சேர்ந்தது கணவர் இறந்த பிறகா, அதற்கு முன்பா? மருத்துவப் படிப்பு நின்றது எப்போது, மனநல நிபுணர் ஆனது உண்மையா, அல்லது தனக்குச் சிகிச்சை கொடுத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்து அந்தத் தீவில் மற்றவர்களைத் தேற்றினாளா? (அப்படி இருந்தால் எனக்கு அவள் மேல் மரியாதை கூடத்தான் செய்யும்.) விமானத்தில் ஹர்லியைப் பார்த்தபோதே அடையாளம் தெரிந்ததா, கரையில்தான் தெரிந்ததா? சிட்னிக்கு எதற்குப் போனாள்?

நான் நினைப்பது தப்பு, அவள் நிஜமாகவே யாரோ அனுப்பிய ஆள்தான் என்று நீங்கள் சொன்னாலும் சரி, ஏற்றுக்கொள்கிறேன், அதையாவது சொல்லுங்கள். எழுதினவர்கள் உயிரோடு இருக்கும்போதே சொன்னால்தான் அதற்கு மதிப்பு. என் சித்தி மகளிடம் இப்போதைக்கு நான் நினைக்கிற பதிலைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் அரைமனதாகத் தலையாட்டினாள். உங்களிடமிருந்து வந்தால் அவளுக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஒரு ரசிகன்