டிஸ்க்கை மாற்றும் முன் யார் எழுதுகிறார் என்று பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கணினிக் கேள்வி-பதிலில், "ராத்திரியெல்லாம் ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுகிறது" என்று கேட்ட வாசகருக்கு, "ஆயுள் முடிந்துவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். கடைக்காரர் எனக்கும் அதையேதான் சொன்னார். கேட்டிருந்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் போயிருக்கும், சத்தம் போயிருக்காது.

நான் திருமங்கலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். வீடு திருநகரில். பதினொரு வருடக் கல்யாணப் படங்கள் அத்தனையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில், டெபியன் லினக்ஸ் போட்டு, படுக்கையறைப் பரணில் இருக்கின்றன. ஆல்பத்தைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பேன்.

ஆனி மாதம் முழுக்க பரணில் 'கறுக்... கறுக்' என்று சத்தம். எலி என்றாள் மனைவி. பொறியில் கருவாடு வைத்தோம், எதிர்வீட்டுப் பூனைதான் அதைச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தேன். ஐந்து விநாடிக்கு ஒரு கறுக். எலிக்கு ஏது அவ்வளவு ஒழுங்கு?

அந்த ஐந்து விநாடிக்குக் காரணம் பிறகு புரிந்தது. லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஏற்பாடு), தன் ஜர்னலை, அதாவது மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் பதிக்கும். பதிக்க ஏதாவது இருந்தால்தான் பதிக்கும். அப்படியானால் யாரோ விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லை, கை சும்மா இருந்தது. முதலில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), பெண்டிங் செக்டார் (கெட்டிருக்குமோ என்று சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) இரண்டும் பூஜ்யம். இந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் கடைக்காரர் சொல்வதே சரி. உடனே படங்களை வேறிடத்துக்கு நகல் எடுங்கள், துப்பறிவதெல்லாம் அப்புறம்.

டிஸ்க் நன்றாக இருந்ததால் டிஸ்க்கில் யார் எவ்வளவு எழுதுகிறார் என்று காட்டும் ஐஓடாப் என்ற கருவியை ரூட் அனுமதியோடு (நிர்வாகி அனுமதி) ஓடவிட்டேன். வெறுமனே ஓட்டினால் வரிகள் மின்னி மறையும், கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு சின்ன ஓ, பெரிய பி, சின்ன ஏ சேர்க்க வேண்டும். ஓ போட்டால் வேலை செய்கிறவர்களை மட்டும் காட்டும். பி போட்டால் இழை இழையாகப் பிரிக்காமல் ஒரு ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, ஒரே வரியில் காட்டும். ஏ போட்டால் தொடங்கிய நேரத்திலிருந்து மொத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். (லினக்ஸின் உட்கருவான கெர்னல் 5.14 முதல் அதில் சதவீதக் கட்டம் வெறுமையாக இருக்கும். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கெடுக்கும் டிலே அக்கவுண்டிங் வசதியை நாமே போட்டுவிட வேண்டும். இதற்கே எனக்கு ஒரு மாலை போனது.)

காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் பட்டியலில் ஜேபிடி2 என்று ஒரு பெயர். அவன்தான் கள்ளன் என்று நினைத்தேன். ஆனால் அது கெர்னலின் ஆள், அந்த ஜர்னலை எழுதுகிறவன். அவனைக் குற்றம் சொல்வது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி வருகிறவரை மறித்து வெங்காயம் என்ன விலை என்று கேட்கிற மாதிரி. சரக்குக்காரன் வேறு வரியில் இருந்தான்: வீட்டில் பாட்டு கேட்க நான் போட்டிருந்த மென்பொருள். ஏழு மணி நேரத்தில் 200 எம்பி எழுதியிருந்தது, அந்த ராத்திரி யாரும் பாட்டே கேட்கவில்லை.

சந்தேகம் தீர, ஓடும் நிரல்களின் கணக்கைக் கெர்னல் காட்டும் ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸின் எண்ணில் இருக்கும் ஐஓ என்ற கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் ரைட் பைட்ஸ் (எழுதிய அளவு) என்ற வரி பார்த்தபோதெல்லாம் ஏறியது. எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று ஃபாட்ரேஸ் என்ற இன்னொரு கருவி காட்டிக்கொடுத்தது. மென்பொருள் தான் செய்வதைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு, அறுபது ஜிபி!

சித்திரைத் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தபோது ஏதோ பாட்டு ஓடவில்லை என்று, லாக் அளவை 'டீபக்' என்று, அதாவது பிழை தேட எல்லாவற்றையும் விவரமாக எழுதும்படி, மாற்றியவன் நான்தான். அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார், நான் அதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். மூச்சு விட்டால்கூட ஒரு வரி எழுதியிருக்கிறது. கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை. மென்பொருள் அதைத் திறந்தே வைத்திருந்தது, நிறுத்தித் திரும்பத் தொடங்கிய பிறகுதான் இடம் கிடைத்தது.

கேள்வி கேட்ட வாசகர் விண்டோஸ்காரராகவும் இருக்கலாம். அதில் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் என்ற பக்கம் இதே வேலையைச் செய்யும். அவர் கடைக்குப் போகும் முன் கண்ணில் படுகிற மாதிரி, முடிந்தால் அடுத்த ஞாயிறே இதைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு போட்டோகிராபர்,
திருநகர், மதுரை.