சதுர அடி ரேட்டும் பசுமைக் கட்டடமும்

ஆசிரியருக்கு,

பசுமைக் கட்டடம் என்றால் சோலார் தகடு, சாம்பல் செங்கல் என்று பொருள்களைப் பற்றியே எழுதுகிறார்கள். வேலை எந்த வகை ஒப்பந்தத்தில் நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. குமரி மாவட்டத்தில் பாதிக் கோளாறு அங்கேதான்.

இங்கே பல வீடுகள் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும் சதுர அடி ரேட்டில் போகின்றன. வரைபடம், பொருள், ஆள் எல்லாம் ஒரே கான்ட்ராக்டர் பொறுப்பு. வேலை சீக்கிரம் முடியும், தவறினால் கேட்க ஒருவர் இருப்பார். ஆனால் தாளில் எழுதாத எதைச் செய்தாலும் அது அவர் லாபத்தில் விழும் வெட்டு. வீடு சூடானால் கூடும் கரண்ட் பில்லோ வீட்டுக்காரர் தலையில். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி கேட்பது குறைந்தது எம்30 தரமும் (எண் கூடினால் வலு கூடும்) 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்). ஒப்பந்தத்தில் 'நல்ல தரமான கான்கிரீட்' என்று மட்டும் இருந்தால் எம்20-உம் 20 மி.மீ. கவர் பிளாக்கும்தான் வரும். கம்பி துருப்பிடித்துச் சன்ஷேட் பெயர்ந்து விழும் வீட்டின் மேல் சோலார் எதற்கு?

நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டைக் கேட்டு வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது மெதுவாக வலுவேறும். குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும் (க்யூரிங்), 14 நாள் என்றால் இன்னும் நல்லது. மொத்தமாகப் பேசிய ஒப்பந்தத்தில், தளம் இறுகும்வரை தாங்கும் சென்டரிங் பலகை, முட்டுகளின் வாடகை நாள்தோறும் கான்ட்ராக்டர் கணக்கில் ஏறுவதால், முட்டு முந்தியே கழலும்.

அரசுக் கட்டடங்களில் கதை வேறு. வரைபடம், எஸ்டிமேட் எல்லாம் முடிந்த பிறகே டெண்டர். 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, ஆவணத்தில் சொன்ன அளவுகோலால் மதிப்பிட்டுக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்பார்கள். ஆவணத்தில் இல்லாத பசுமைக்கு அங்கே இடமில்லை. உதாரணமாக, நாகர்கோவிலில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சுமார் 15 டிகிரி வடக்கே நிற்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். கட்டும்போது யாராவது இதைச் சொன்னாலும், டெண்டரில் இல்லாத வேலைக்கான 'கூடுதல் ஐட்டம்' ஒப்புதலுக்கு அலைய யாரும் முன்வருவதில்லை.

மழைநீரும் இப்படித்தான் வீணாகிறது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மி.மீ. பெய்தால் 800 லிட்டராவது பிடிக்கலாம். அஸ்திவாரம் முடிந்து பிளம்பர் வந்தால் தொட்டிக்கு இடமிருக்காது. ஒரு குழாயைக் குழியில் விட்டுக் கணக்குக் காட்டுவார்கள். வரைபடம் முடிவாகும் முன் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரையும் ஒருமுறை உட்கார வைத்தால் இதற்குத் தனிச் செலவே இல்லை.

சதுர அடி ரேட் பேசுவோர் கான்கிரீட் தரம், கவர், க்யூரிங் நாள், தொட்டியின் கொள்ளளவு நான்கையும் எண்ணாக எழுதி வாங்கட்டும். கூரையின் வெப்பக் கடத்தல் அளவு (யு மதிப்பு) 1.2-க்கு மேல் போகக் கூடாது என்பது வீடுகளுக்கான மத்திய அரசின் 2018 எக்கோ நிவாஸ் ஆற்றல் சேமிப்பு விதி, அதையும் சேர்க்கலாம். வெறும் கான்கிரீட் தளத்தில் அது 3-ஐத் தாண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியைத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கடந்த பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்,
தக்கலை