அக்கா, அந்த நோட்டுல எங்க பேரை அடிச்சுடுங்க

அன்புள்ள அக்காவுக்கு,

என்னைய ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். மே மாசம் உங்க ஊரு திடல்ல கச்சேரி நடந்த அன்னைக்கு, வலையைக் குமிச்சுப் போட்டிருந்த இடத்துல உங்க பக்கத்துல வந்து உக்காந்தேனே, பேராவூரணிக்காரி. உங்க பேரையும் ஊர் பேரையும் இதுல எழுதல. மைக்குல ஒவ்வொரு தடவை உங்க பேரை சொல்றப்பவும் நீங்க முந்தானையை இழுத்து வாயை மூடிக்கிட்டதை பக்கத்துல இருந்து பாத்தவ நான். பாம்பன் பக்கம்னு மட்டும் வச்சுக்குறேன். உங்க மகன், அந்தத் தம்பி, இதை போன்ல உங்களுக்குப் படிச்சுக் காட்டட்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம் ஆச்சுக்கா. ஊருக்குப் போறது, கோயிலுக்குப் போறது, அப்பாவை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது, இதைத் தவிர ரெண்டு பேரா எங்கயும் கெளம்புனதே இல்ல. இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர் திடீர்னு ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கப்பவே சொன்னாரு, கடலை ஒட்டியே தனுஷ்கோடி வரைக்கும் வண்டியிலயே போயிட்டு வருவோம்னு. கத்திரி வெயில்ல யாராச்சும் பைக்ல போவாங்களான்னு எங்கம்மா திட்டுனாங்க. நாங்க விடியக்காலை நாலரைக்கே கெளம்பிட்டோம். கட்டுமாவடியில போய் ஈசிஆர் ரோட்டைப் புடிச்சு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்னு வந்துக்கிட்டே இருந்தோம், வழியெல்லாம் விசைப்படகு வரிசை வரிசையா கட்டிக் கெடந்துச்சு, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம்ல, பெயிண்ட் அடிக்கிறவங்க, மரம் மாத்துறவங்க, வலை பொத்துறவங்க, ஆனா மீன் வாடையே இல்லாத கடற்கரை, அதை அப்படிப் பாக்குறதுக்கு எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

தொண்டி தாண்டி ஒரு பனந்தோப்புல நுங்கு சாப்பிட்டோம். அப்புறம் தேவிபட்டினம். கடலுக்குள்ள ஒம்பது கல்லு நிக்கிற அந்த நவபாஷாணத்துலதான் போன வருஷம் எங்க அண்ணன் அப்பாவுக்கு திதி குடுத்தாரு. அன்னைக்கு நான் வரல. இப்பதான் மொதல் தடவையா அந்தப் பாலத்து மேல நடந்து போய் தண்ணியைப் பாத்தேன். ரொம்ப நேரம் நின்னோம். இவரு ஒண்ணும் பேசல, என் கையில இருந்த ஹெல்மெட்டை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாரு.

இதை ஏன் சொல்றேன்னா, அப்பா நெனப்போடதான் உங்க ஊருக்குள்ள வந்தேன்.

பாம்பன் பாலத்துல எல்லாரும் நிக்கிற மாதிரி நாங்களும் வண்டியை ஓரங்கட்டிட்டு நின்னோம். 1914-ல இருந்து ஓடுன பழைய ரயில் பாலத்துக்கு ஓய்வு குடுத்துட்டு, 2025 ஏப்ரல்ல தெறந்த புதுப் பாலத்துலதான் இப்ப ரயில் போகுது, நடுவுல 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல ஏறும்னு இவரு யூடியூப்ல பாத்ததையெல்லாம் எனக்கு வெளக்கிக்கிட்டு இருந்தாரு. காத்து ஆளைத் தள்ளுது. அப்பதான் ஒரு லோடு ஆட்டோ, மேல கொழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு, "இன்று இரவு சரியாக ஏழு மணியளவில்"னு சொல்லிக்கிட்டே போச்சு. பின்னாடி ஃபிளெக்ஸ்ல உங்க மொகம். ஆதார் கார்டு போட்டோவைப் பெருசாக்கிப் போட்டிருந்தாங்க, கண்ணு மட்டும் தெளிவா இருந்துச்சு. கடல்பாசி எடுக்குற நம்ம சகோதரியோட இருதய ஆபரேஷனுக்காக நிதிக் கச்சேரின்னு சொன்னாங்க. ராமேஸ்வரத்துல ரூம் போட்டுட்டு, சாயங்காலம் ரெண்டு பேருமே சொல்லி வச்ச மாதிரி வண்டியை எடுத்தோம்.

அக்கா, எங்க ஊருல கச்சேரின்னா திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு. ஒருத்தருக்கு நெஞ்சுல வால்வு மாத்தணும்னு ஊரே கச்சேரி வச்சதை நான் பாத்ததில்ல. ராமநாதபுரத்துல இருந்து வந்த இன்னிசைக் குழு பைசா வாங்கல, வேனுக்கு டீசல் போட்டாப் போதும்னு சொல்லிட்டாங்களாம். சவுண்டு செட்டுக்காரர் ஜெனரேட்டரைச் சும்மா குடுத்திருக்காரு. டீக்கடை பாய் அன்னைக்கு வித்த டீக்காசு மொத்தத்தையும் சில்வர் தூக்குல போட்டு அப்படியே மேடையில கொண்டு வந்து வச்சாரு. கச்சான் காத்து மைக்குல புஸ்ஸு புஸ்ஸுனு அடிக்குது, பாடுற அந்தத் தம்பி தலையைத் திருப்பித் திருப்பிப் பாடுறாரு, மேடைக்குப் பின்னாடி ஃபிளெக்ஸ் படபடன்னு அடிச்சுக்குது. சினிமாப் பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், மேல ஏறி அம்பாப் பாட்டு எடுத்தாரு பாருங்க, படகு இழுக்குறப்பப் பாடுறது, அவரு ஒரு அடி சொல்ல மணல்ல உக்காந்திருந்த ஆம்பளைங்க எல்லாரும் பதில் அடி சொல்றாங்க, கீபோர்டுக்காரரு வாசிக்கிறதை நிறுத்திட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

அப்புறம் அந்தப் பாறை மீனு. நாட்டுப்படகுக்காரர் ஒருத்தர் அன்னைக்கு காலையில புடிச்சதுன்னு ஐஸ்ல வச்சுக் கொண்டு வந்தாரு, நாலு கிலோ இருக்கும், தாம்பாளத்துல வச்சா வாலு வெளிய நிக்குது. மைக்குல ஏலம் விட்டாங்க. மொதல்ல எடுத்தவரு காசைக் குடுத்துட்டு "மீனு எனக்கு வேணாம், திரும்ப ஏலம் விடுங்க"ன்னாரு. ரெண்டாவது எடுத்தவரும் அதேதான். மூணாவது ஒரு அம்மா, கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும்தான், சுருக்குப்பையில இருந்து எண்ணி எண்ணிக் குடுத்துட்டு அவங்களும் திரும்ப ஏலம் விடச் சொன்னாங்க. ஒரே மீனு நாலு தடவை வெலை போச்சு. விசைப்படகு கடலுக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு, போனாத்தான் பங்கு, பங்கு வந்தாத்தான் அடுப்பு, அந்த நேரத்துல இந்த ஜனங்க காசு குடுக்குறாங்க. அதைப் பாத்துட்டு எங்களுக்கு உக்கார முடியல. இவரு போய் ஆயிரத்து ஒண்ணு குடுத்தாரு. பேரு கேட்டாங்க, வேணாம்னு சொன்னாரு. "பேராவூரணியிலிருந்து வருகை தந்திருக்கும் அன்புத் தம்பதி"ன்னு சொல்லிட்டாங்க, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அப்பதான் நீங்க கையைக் காட்டி என்னையக் கூப்பிட்டீங்க, "ஏத்தா, இங்கிட்டு வந்து உக்காரு"ன்னு.

நீங்க பேசுனது எல்லாம் எனக்கு அப்படியே இருக்குக்கா. அமாவாசை பக்கம் ஆறு நாளு, பௌர்ணமி பக்கம் ஆறு நாளு கடலுக்குள்ள எறங்குவோம்னீங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, கண்ணாடி, வெரலு பூரா துணி சுத்திக்கிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையில இருந்து பிச்சு எடுக்குறதைச் சொன்னீங்க. சின்னப் புள்ளையில இருந்து முங்கி முங்கி எடுத்த மூச்சு, இப்ப ரெண்டு படி ஏறுனா நின்னு போகுதுன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நேரம் பேசாம இருந்தீங்க. உங்க கையை வாங்கிப் பாத்தேன். வெரலு நுனியில ரேகையே இல்ல. பாறையில உரசி உரசி வழவழன்னு, அங்கங்க வெள்ளையா பழைய கீறல். "ரேஷன் கடை மெசினுக்கே என்னையத் தெரியலத்தா, ஊருக்கெல்லாம் என் பேரு தெரிஞ்சுருச்சு"ன்னீங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம உங்க கையை விடாம வச்சிருந்தேன்.

உங்க மகன் அங்க மேடை ஓரத்துல நாப்பது பக்க நோட்டு ஒண்ணுல எழுதிக்கிட்டே இருந்தாரு. யாரு, எந்தத் தெரு, எவ்வளவு. நான் கமிட்டிக் கணக்குன்னுதான் நெனச்சேன். நீங்கதான் சொன்னீங்க, அது உங்க சொந்தக் கணக்குன்னு. "ஒடம்பு தேறி வந்ததும் ஒவ்வொருத்தருக்கா திருப்பிக் குடுத்துருவேன்த்தா, இல்லாட்டி எப்புடித் தலை நிமிந்து நடக்குறது."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அக்கா, நான் பேராவூரணி. மொய் நோட்டுன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். எங்க பக்கம் ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும், கறிச்சோறு போட்டு, பந்தல்ல வரிசையா டேபிள் போட்டு எழுதுவாங்க, இப்பல்லாம் லேப்டாப், நோட்டு எண்ணுற மெசின் எல்லாம் வந்துருச்சு. அந்தக் காசுல கடை வச்சவங்க இருக்காங்க, போர் போட்டவங்க இருக்காங்க, புள்ளைய இஞ்சினியரிங் சேத்தவங்க இருக்காங்க. நல்ல ஏற்பாடு, நான் கொறை சொல்லல. ஆனா மொய்னா திரும்பிப் போகணும். வாங்குனதுக்கு மேல கொஞ்சம் சேத்துப் போகணும். திரும்பாட்டி பேச்சுவார்த்தை நின்னு போகும். எங்க பாட்டி சாகுற வரைக்கும் தலைமாட்டுல மொய் நோட்டை வச்சிருந்தாங்க. அந்த நோட்டுக்கும் அன்னைக்கு உங்க திடல்ல நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. ஏலத்துல எடுத்த மீனை யாராச்சும் வீட்டுக்குக் கொண்டு போனாங்களா? எடுத்தவங்களே வேணாம்னு விட்டுட்டுப் போன மீனுக்கு நீங்க எங்கேருந்து கடன்காரி ஆவீங்க.

எங்க அப்பாவுக்கு கிட்னி போச்சு. வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில ஆஸ்பத்திரி செலவு பெரும்பாலும் கழிஞ்சுரும், ஆனா போக வர வண்டி, கூட இருக்கிறவங்க சாப்பாடு, வெளிய எழுதிக் குடுக்குற மாத்திரை, அண்ணன் வேலைக்குப் போகாத நாளு, இதுக்கெல்லாம் எந்த அட்டையும் கெடையாது. உங்களுக்கும் இதேதான, மதுரைக்கு பஸ்ஸுல 3 மணி நேரத்துக்கு மேல, போயி ஒரு மாசம் கெடக்கணும்னா சும்மாவா. எங்க அப்பா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. ஊருக்கெல்லாம் மொய் செஞ்ச மனுஷன், கை நீட்ட மாட்டேன்னுட்டாரு. நானும் அதுதான் மரியாதைன்னு நெனச்சு என் செயினை அடகு வச்சேன், அம்மா ரெண்டு மாட்டை வித்தாங்க, பக்கத்து வீட்டுக்குக் கூட வாயைத் தெறக்கல. கடைசி மூணு மாசம் வண்டி வாடகைக்கு இல்லாம டயாலிசிஸை வாரம் ஒண்ணாக் கொறைச்சோம்.

இதை இதுக்கு முன்னாடி நான் எங்கயும் எழுதுனதில்ல.

சாவுக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரும் என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க, "ஒரு வார்த்தை சொல்லலயே தாயி"ன்னு. அதுல ஒருத்தர் சொந்தமா கார் வச்சிருக்காரு. தெனமும் தஞ்சாவூருக்குப் போய் வர்றவரு. அவரு அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. நாங்க கேக்காம விட்டதால அவருக்கு வந்த வேதனைக்கு எந்த நோட்டுல கணக்கு எழுதுறது? உங்க ஊருக்காரங்களுக்கு அந்த வேதனையை நீங்க வைக்கலக்கா. நீங்க முந்தானையால வாயை மூடிக்கிட்டாவது அந்தத் திடல்ல வந்து உக்காந்தீங்க, எங்க அப்பாவால அது முடியல.

மறுநாள் காலையில நாங்க அரிச்சல்முனைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தப்ப, டீ குடுத்துட்டு நீங்க சொன்னீங்கல்ல, இந்த மாசம் தெக்கடல் ஆடும், வடகடல் படுத்துக் கெடக்கும்னு. அதே மாதிரிதான் இருந்துச்சு. 1964 டிசம்பர் புயல்ல இடிஞ்ச சர்ச் சுவரையெல்லாம் பாத்துட்டு ரோடு முடியுற எடத்துல போய் நின்னா, ஒரு பக்கம் நுரை நுரையா பொங்குது, இன்னொரு பக்கம் கொளம் மாதிரி கெடக்கு. நீங்க முங்குற கடலு எதுன்னு இவரு கேட்டாரு. நான் பொங்குற பக்கத்தைக் காட்டுனேன்.

கெளம்புறப்ப நீங்க பேப்பர்ல சுத்திக் குடுத்த நெத்திலிக் கருவாடு, ஒரு கிலோவுக்கு மேல இருந்துச்சு. வேணாம்னு சொல்ல நீங்க விடல. ஏர்வாடி, கீழக்கரைன்னு நாங்க போன எடத்துக்கெல்லாம் அந்த வாசமும் பையில கூடவே வந்துச்சு. அம்மா பாதியைக் கொழம்பு வச்சாங்க, பாதியை அக்கம்பக்கம் குடுத்தாங்க, கடைசிக் கைப்பிடியைப் போன ஞாயித்துக்கிழமை நான் வறுத்தேன். உங்களுக்கு நோட்டுக் கணக்குதான் முக்கியம்னா, எங்க கணக்கு அன்னைக்குக் காலையிலயே தீந்துருச்சு, தம்பிகிட்ட சொல்லி எங்க பேரை அடிச்சுடச் சொல்லுங்க. மத்த பேரையும் அடிக்கச் சொல்லி நான் கேக்க முடியாது, அது உங்களுக்கும் உங்க ஊருக்கும் உள்ளது. ஆனா அந்தப் பாறை மீனை மூணாவதா எடுத்த அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க, திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாங்களான்னு.

மதுரையில அட்மிட் ஆகுற தேதி தெரிஞ்சதும் தம்பிய எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. பொம்பளை வார்டுல ராத்திரி கூட இருக்க ஆம்பளைய விட மாட்டாங்க, தம்பி வெளிய வராண்டாவுலதான் படுக்கணும். நான் வந்து இருக்கேன். அப்பாவுக்கு ரெண்டு வருஷம் பாத்தவ, பாய், பிளாஸ்க்கு, கொசுவத்தி எல்லாம் இன்னும் ஒரு பையில கட்டித்தான் வச்சிருக்கேன்.