நங்கூரத்தின் அடியில் கடற்புல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளை ஒட்டிப் பாய்மரப் படகில் பயணம் செய்யும் தம்பதியரைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை என் மனைவியும் நானும் இருமுறை படித்தோம். காற்றை அவ்வளவு அழகாக விவரித்தவர், நங்கூரம் இறங்கும் கடலடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டது பெருங்குறை. அங்கே வளரும் பொசிடோனியா பாசியன்று, பூத்துக் காய்க்கும் புல்; ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே அது படர்வதால், நங்கூரச் சங்கிலி உழுத இடம் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனாலேயே அத்தீவுகளின் அரசு 2018இல் அப்புல்வெளிமீது நங்கூரமிடுவதைத் தடை செய்தது. நட்ட ரப்பர் கன்று பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் காத்திருந்த தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் புரியும். அத்தம்பதியர் மணலில் நங்கூரமிட்டார்களா, மிதவையில் படகைக் கட்டினார்களா என்பதையும் அடுத்த பகுதியில் எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.