பைபாஸில் கிடக்கும் ஸ்டெபிலைசர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த மின்னழுத்தத்தால் கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் ஆலை மோட்டார்கள் எரிந்துபோவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றான காயில் கருகிக் கிடக்கும் படத்தையும் போட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தவுடன் எனக்கு நெடியே அடித்துவிட்டது. வார்னிஷ் கருகிய அந்த நெடியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கொழிஞ்சாம்பாறையில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கத்து எண்ணெய் ஆலைகள், மாவு மில்கள், எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் ஆலைகள் என்று இரு மாநிலத்து மோட்டார்களும் என் கடை வாசலுக்கு வருகின்றன. உங்கள் செய்தி பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி ஆலையின் மூலையில் நிற்கிற இரும்புப் பெட்டிக்குள், அதாவது ஏறி இறங்கி வரும் மின்னழுத்தத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சர்வோ ஸ்டெபிலைசருக்குள் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குறை.

முதலில் மின்சாரத்தின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54-ஆவது விதி, தாழ்வழுத்த இணைப்புகளில் மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வைத்திருந்தது. 415 வோல்ட் மும்முனை இணைப்பு என்றால் ஏறக்குறைய 390-க்கும் 440-க்கும் இடையில் நிற்க வேண்டும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீண்டு செல்லும் கம்பியின் கடைசியில் இருக்கும் மில்லில், சுற்றிலும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில், மீட்டர் 340 காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். தோப்புகளில் தண்ணீர் பாய்ச்சி முடித்தவுடன் அதே கம்பியில் மின்னழுத்தம் விறுவிறுவென்று ஏறும்.

மோட்டாரின் இழுவை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் இழுவை மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். செக்கில் கொப்பரை பாதி அரைபட்டு நிற்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால், அந்த இழுவையில் மோட்டார் கிளம்பாது. உறுமிக்கொண்டே நின்ற இடத்தில் பல மடங்கு கரண்டை இழுக்கும். கரண்ட் மிகும்போது மோட்டாரை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயின் திருகை யாரோ கூட்டி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. மூன்று பேஸ்களும், அதாவது மும்முனை இணைப்பின் மூன்று கம்பிகளும், சமமான மின்னழுத்தத்தில் வராவிட்டால் இன்னும் மோசம். மூன்றரை சதவீத ஏற்றத்தாழ்வே மோட்டாரின் வெப்ப உயர்வைக் கால் பங்கு கூட்டிவிடும். பத்து டிகிரி சூடு கூடினால் காயில் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு.

இதற்காகத்தான் ஆலைக்காரர்கள் பெருந்தொகை கொடுத்து ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு நடப்பதுதான் வேடிக்கை. ஒருநாள் அது 'டிக் டிக்' என்று சத்தம் போடும், அல்லது வேலை நடுவில் கட் செய்துவிடும். கையில் ஆர்டர் நிற்கிறது. ஆபரேட்டர் சுவிட்சைத் திருப்பி பைபாஸில் போடுகிறார்; மின்சாரம் ஸ்டெபிலைசரின் திருத்தம் இல்லாமல் நேராக மில்லுக்குப் போகும். "மெக்கானிக் வரும்வரைதான் அண்ணா" என்பார். மெக்கானிக் வருவதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிடும்; அதற்குள் எல்லாரும் அதை மறந்திருப்பார்கள். விளக்கு எரிகிறது, மில் ஓடுகிறது, வேறு என்ன வேண்டும்? மோட்டார் எரிந்து என் கடைக்கு வந்த பிறகு, "ஸ்டெபிலைசர் இருந்தும் எரிந்துவிட்டதே" என்று முதலாளி வருத்தப்படுவார். குடையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைந்தால் குடைக்காரன் என்ன செய்வான்?

ஆகவே எரிந்த மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு, முடிந்தால் ஸ்டெபிலைசரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். சென்ற கோடையில் ஒரு மாவு மில்லில் மூடியைக் கழற்றினேன். உள்ளே அரிசி மாவும் மிளகாய்த் தூளும் சேர்ந்து செம்மண் நிறத்தில் ஒரு படலம். டிம்மர் என்று நாங்கள் சொல்கிற வளையத்தில் செம்புக் கம்பியைச் சுற்றோடு சுற்று ஒட்டிச் சுற்றியிருப்பார்கள். அதன் மேல்முகத்தில் எனாமலைச் சுரண்டி ஒரு பாதை விட்டிருப்பார்கள். சர்வோ மோட்டார் ஒரு கையைத் திருப்ப, கையின் நுனியிலுள்ள கார்பன் பிரஷ் அந்தப் பாதையில் நகர்ந்து, வேண்டிய அளவு மின்னழுத்தத்தை எடுத்து பக்-பூஸ்ட் டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். குறைந்து வந்தால் அது கூட்டும், கூடி வந்தால் கழிக்கும். இவ்வளவுதான் சூட்சுமம். அந்த மில்லில் பாதையின் ஓரிடம் மட்டும் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. விரல் நகத்தால் தொட்டால் மேடும் பள்ளமும் தட்டுப்பட்டன. பிரஷ்ஷைக் கழற்றினால் கார்பனுக்குப் பதில் செந்நிறமாக ஏதோ மின்னுகிறது. எவரோ ஒரு புண்ணியவான் வண்டியின் செல்ப் மோட்டாருக்குப் போடும் செம்பு கலந்த பிரஷ்ஷை அரத்தால் ராவி மாட்டியிருக்கிறார்.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஏனென்றால் நல்ல எலெக்ட்ரீஷியன்களுக்கே இது தெரிவதில்லை. டிம்மர் பிரஷ் எப்போதும் பக்கத்துப் பக்கத்து இரண்டு சுற்றுகளையாவது ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். தொடாவிட்டால் நகரும்போது இணைப்பு விட்டுவிட்டுப் பொறி பறக்கும். ஆனால் இரண்டு சுற்றைச் சேர்த்துத் தொடுவது என்றால் அந்தச் சுற்றை ஷார்ட் செய்வதுதானே? அந்த ஷார்ட்டில் ஓடும் கரண்டை அடக்கி வைப்பது கார்பனின் எதிர்ப்புத்தன்மைதான். கரண்டை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறதோ அவ்வளவு நல்ல பிரஷ் என்ற கணக்கு இங்கே எடுபடாது. செம்பு கலந்ததைப் போட்டால் முதல் சில நாள் அமோகமாக ஓடும். பிறகு பிரஷ் அதிக நேரம் நிற்கும் இடத்தில் சுற்று வெந்து, எனாமல் உருகி, வளையமே போய்விடும். அசல் பிரஷ்ஷின் விலையை ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே அல்ல.

சரியான கார்பனாக இருந்தாலும் அது தேயும். தேய்ந்த கரித்தூள் சுற்றுகளின் இடுக்கில் உட்காரும். அதன் மேல் இங்குள்ள ஈரக்காற்றும் ஆலைத் தூசியும் படிந்தால் சுற்றுக்குச் சுற்று கசிவு தொடங்கும். நார் ஆலைகளில் மூடியின் காற்றுத் துளைகளே தென்னந்தும்பால் அடைபட்டுப் போயிருக்கும். பல்லி ஒன்று டெர்மினலில் கருகிக் கிடப்பதையும் கண்டிருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற பராமரிப்பு ஒப்பந்தங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை; கையெழுத்துப் போட்ட முதலாளிகளுக்குத் தெரியும். அவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: கழற்றிய பழைய பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

'டிக் டிக்' என்ற அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். பிரஷ் மாட்டிய கை நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதை ஹன்டிங் என்போம். பெரும்பாலும் சர்வோ மோட்டாரை இயக்கும் மின்னணுக் கார்டில் உணர்திறனை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு வோல்ட் அசைந்தாலும் திருத்தப் போனால் மோட்டாருக்கு ஓய்வு ஏது? திருகைச் சிறிது தளர்த்தினால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மூன்று பேஸ்களுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பியின் இணைப்பைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கை ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றால், ஓரத்தில் கையை நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வோ மோட்டாரின் பல்சக்கரத்தில் பல் மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒரு மெல்லிய கம்பிதான். வெளியேறும் மின்னழுத்தத்தைக் கார்டுக்குச் சொல்லும் சென்சிங் கம்பி தளர்ந்தால், கார்டு "ஒன்றுமே வரவில்லை" என்று நினைத்துக்கொண்டு கையைக் கடைசிவரை கூட்டுகிற பக்கம் தள்ளும். வரத்து நன்றாக இருக்கும் நேரத்தில் இது நடந்தால் ஆலைக்குள் 480, 500 என்று பாயும். இதைத் தடுக்கவே ஹை-வோல்டேஜ் கட்-ஆப் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி கட் செய்கிறது என்று சொல்லி அந்த ரிலேயையே நேர்க்கம்பி போட்டு இணைத்திருப்பதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்! மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தாலும் இதே கதிதான். லோடு குறைவான பேஸில் 230-க்குப் பதில் 300-ஐத் தாண்டி ஏறும். முதலில் அலுவலக அறையின் விளக்கும் விசிறியும் போகும்.

ஆலைக்காரர்கள் தாங்களே செய்யக்கூடியது இருக்கிறது. வாரம் ஒருமுறை மூன்று பேஸ்களிலும் வரத்தும் வெளியேற்றமும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. வரத்து ஏறி இறங்கியும் வெளியேற்றம் 415-ஐ ஒட்டி நின்றால் கவலையில்லை. வரத்தின் பின்னாலேயே வெளியேற்றமும் ஆடினால் பெட்டி தூங்குகிறது. மூன்று பேஸ்களுக்கும் ஒரே சர்வோ மோட்டார் வைத்த மாடலாக இருந்தால், ஒரு பேஸ் மட்டும் இறங்குவதை அதனால் திருத்த முடியாது. நம் பக்கத்துக் கிராமக் கம்பிகளுக்கு பேஸுக்கு ஒரு மோட்டார் வைத்ததுதான் பொருந்தும். வாங்கும்போதே கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை இயந்திரங்களை நிறுத்திவிட்டு, கையால் இயக்கும் சுவிட்சில் போட்டு, பிரஷ்ஷை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்தினால் பாதை தானே துலங்கும். பாதையில் எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. மூடியைத் திறப்பதானால் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் மூன்று பேஸ்களையும் தொட்டுப் பார்த்த பிறகு திறக்க வேண்டும். பைபாஸில் போட்டுவிட்டால் பெட்டிக்குள் மின்சாரம் இல்லை என்பது தவறான எண்ணம். டெர்மினல்கள் உயிரோடுதான் இருக்கும். கார்டு, காயில் வேலைகளைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் மின்வாரியத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. 340-ஐ 415 ஆக்கிக் கொடுக்க அது கம்பியிலிருந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் கரண்டை இழுத்தாக வேண்டும். அந்தக் கூடுதல் இழுப்பில் பக்கத்து வீட்டின் மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரே கம்பியில் நான்கு ஆலைகள் ஸ்டெபிலைசர் போட்டால் நான்கும் சேர்ந்து கம்பியைக் கீழே இழுக்கும். வரத்துக் கேபிளும் டெர்மினலும் சூடேறிக் கருகுவதும் இதனால்தான். ஆகவே கம்பியைப் பருமனாக்குவதும், தோப்புகளுக்கு நெருக்கமாக டிரான்ஸ்பார்மர் வைப்பதும், பேஸ்களில் லோடைச் சமமாகப் பிரிப்பதும் வாரியங்கள் செய்தே தீர வேண்டிய வேலைகள். அதைக் கேட்டு எழுதுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

தங்களிடம் கேட்பது இதுதான். எங்கள் பகுதி ஆலைகளில் இந்தப் பெட்டியைத் திறந்து மூடும் ஆபரேட்டர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். பெட்டியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் முதலாளியின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உங்கள் நாளிதழோ தினமும் டீக்கடை பெஞ்சில் கைமாறுகிறது. தொழில் பகுதியில் அரைப் பக்கம் ஒதுக்கி, தகுந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஸ்டெபிலைசர் பராமரிப்பைப் பற்றி எழுதச் செய்யுங்கள். வெட்டிப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்கிறோம். மோட்டார் எரிந்த செய்தி அடுத்த முறை வந்தால் உங்கள் நிருபர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: பைபாஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது? மூன்று பேஸ்களிலும் வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு? அந்த ஆறு எண்களையும் படத்துக்குக் கீழே அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.