விமான டிக்கெட்டுக்கு முன்பே பேட்டரி வாங்கிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி மாணவர்களின் ரோபோ அணி ஒன்று சர்வதேசப் போட்டிக்குத் தேர்வானதாகச் செய்தி வந்தால், நன்கொடை தர நல்ல மனிதர்கள் பலர் முன்வருகிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பணம் வருகிற காலம் சரியில்லை என்பது, இத்தகைய அணிகளுக்குப் பயிற்சி தரும் எங்களுடைய உறுதியான கருத்து.

12 முதல் 18 வயதினருக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் ரோபோக்கள் ஆட வேண்டிய விளையாட்டை செப்டம்பரில் அறிவிக்கிறார்கள். உலக இறுதிச்சுற்று ஏப்ரலில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். நன்கொடையோ தேர்வுச் செய்தி வெளியான பிறகுதான் வந்து சேர்கிறது. அது டிக்கெட், அறை வாடகை, பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் என்று போய்விடுகிறது. ரோபோவுக்குப் பணம் தேவைப்பட்டது அக்டோபரில்.

ஓர் ஆட்டத்தில் முதல் 30 வினாடி ரோபோ தானாக இயங்க வேண்டும். அடுத்த 2 நிமிடம் மாணவர்கள் கேம்பேடு பிடித்து ஓட்டுவார்கள். வடிவமைப்பு சரியில்லாமல் தோற்கும் அணிகளைவிட, பேட்டரியும் வயரும் காலை வாரிவிட்டுத் தோற்கும் அணிகள் அதிகம்.

விதிப்படி ஒரே ஒரு 12 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் பேட்டரிதான். அதில் 20 ஆம்பியர் ஃபியூஸ். 8 மோட்டார் வரை பொருத்தலாம். பரவலாகப் பயன்படும் மோட்டார் ஒன்று சுழல முடியாமல் முட்டி நின்றால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு சக்கரமும் எதிரணி ரோபோவை முட்டித் தள்ளும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பேட்டரியின் உள்தடை 0.1 ஓம் என்றால் 20 ஆம்பியரில் 2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் அதே பேட்டரி 13 வோல்ட் காட்டும். அதனால் பளு கொடுத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் எழுதி, வாங்கிய மாதத்தையும் குறித்து ஒட்ட வேண்டும். இளைத்துப்போனது பயிற்சிக்கு மட்டும். 2 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடுத்த ஆட்டமோ அதற்குள் வந்துவிடலாம். ஆறு பேட்டரியும் மூன்று சார்ஜரும் ஆடம்பரம் அல்ல. இரண்டே பேட்டரியோடு கிளம்பும் அணிகளும் இருக்கின்றன.

முதல் 30 வினாடி நிரல் தடுமாறுவதற்கும் பாதிக் காரணம் இதுதான். ‘இத்தனை வேகத்தில் ஒரு வினாடி ஓடு’ என்று எழுதிய நிரல், புதிதாக ஏற்றிய பேட்டரியில் ஒரு தூரமும் பாதி தீர்ந்த பேட்டரியில் வேறு தூரமும் போகும். மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடர் என்ற சென்சாரின் எண்ணிக்கையை வைத்து ஓட்டினால் இந்த வேறுபாடு பெருமளவு குறையும். விளிம்பில் சாய்ந்த சிறு உருளைகள் கொண்ட மெக்கானம் சக்கரம் பக்கவாட்டில் நகரும்போது வழுக்கும் என்பதால் அங்கே மோட்டாரின் என்கோடரை மட்டும் நம்பக் கூடாது. தரையைத் தொட்டுத் தானே உருளும் தனிச் சிறு சக்கரங்களில் என்கோடர் வைத்து அளப்பதுதான் நம்பகமானது.

அடுத்தது வயர். ரோபோவின் மூளையான கண்ட்ரோல் ஹப்புக்கு மின்சாரம் தரும் மஞ்சள் கனெக்டர் மோதலில் ஒரு கணம் நெகிழ்ந்தால் போதும், ஹப் அணைந்து மறுபடி எழும். ரோபோ திரும்ப இணைய ஏறக்குறைய அரை நிமிடம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவைக் கட்டைமேல் ஏற்றி, எல்லா மோட்டாரையும் ஓடவிட்டு, ஒவ்வொரு வயரையும் கனெக்டருக்கு அருகே பிடித்து அசைக்க வேண்டும். ஒருவர் அசைக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க. எங்கே மோட்டார் விக்குகிறதோ, எந்த சென்சார் காணாமல் போகிறதோ, அங்கே கோளாறு. பிறகு கனெக்டரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வயரைச் சற்றுத் தளர்வாக விட்டு, சட்டகத்தோடு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினால் இழுவை கனெக்டரில் விழாது.

நிலைமின்சாரம் பலருக்கும் புலப்படாத எதிரி. ஆடுகளம் 12 அடிக்கு 12 அடி. 2 அடி சதுர ஃபோம் பாய்கள் 36. சக்கரங்கள் அதில் உரசி உரசி சட்டகத்தில் மின்னூட்டம் சேரும். இன்னொரு ரோபோவையோ களத்தின் உலோகத்தையோ தொட்ட நொடியில் அது பாயும்போது, வழியில் ஹப் இருந்தால் சென்சார்கள் உறைந்துபோகும் அல்லது தொடர்பு அறுந்துவிடும். ஹப்பை அலுமினியத்தின் மீது நேராகத் திருகாமல் பிளாஸ்டிக் பலகையில் பொருத்த வேண்டும். மின்தடை வைத்து விற்கும், விதி அனுமதிக்கும் தரையிணைப்பு வயரைப் போட வேண்டும். சாதாரண வயரால் சட்டகத்தை மின்சுற்றோடு இணைக்க விதியில் இடமில்லை. வகுப்பறை டைல்ஸ் தரையில் மட்டும் பழகும் அணிக்கு இந்தக் கோளாறு போட்டி நாள்வரை தெரியவே தெரியாது. சக்கரத்தின் பிடிமானமும் ஃபோமில் வேறு. முழுக் களத்துக்கு இடமில்லாவிட்டால், கால் களத்துக்கான 9 பாய்களாவது பள்ளியில் கிடக்க வேண்டும். நன்கொடையாளர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தப் பாய்களைத்தான்.

பயணத்தில் சிக்கல் வேறு வகை. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். மூன்று பக்கமும் கூட்டினால் 137 செ.மீ. விமானப் பெட்டிக்குப் பொதுவான வரம்பு 158 செ.மீ., 23 கிலோ. ஆக ஒவ்வொரு பக்கத்திலும் பெட்டிச் சுவருக்கும் மெத்தைக்கும் சேர்த்துக் கிடைப்பது மூன்றரை செ.மீ. மட்டுமே. ரோபோவின் மேல் கையை நான்கு திருகில் கழற்றும்படி முதலிலேயே வடிவமைத்தால் பிழைக்கலாம். நிக்கல் பேட்டரிகளின் முனைகளை டேப் ஒட்டி மூட வேண்டும். டிரில்லின் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். சார்ஜரின் அடியில் ‘100–240’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 230 வோல்ட்டுக்கென்று வாங்கியது அங்கே உதவாது. பாகங்களின் பட்டியலும் ரசீதும் காட்டிக் கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் சான்று பெற்றால், திரும்பும்போது வரி பற்றிய வாக்குவாதம் இருக்காது.

விசாவுக்குத் தேர்வு முடிவு வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட் அதற்கும் முன்னால் கையில் இருக்க வேண்டும். 2017இல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் என்ற சர்வதேச ரோபோ போட்டிக்கு ஆப்கானிஸ்தான் மாணவிகளுக்கு இருமுறை விசா மறுக்கப்பட்டு, உலகமே பேசிய பிறகு கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. அந்தத் திறமையான பிள்ளைகளுக்கு வந்த நெருக்கடி இன்னொரு அணிக்கு வரக் கூடாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. நன்கொடையாளர்கள் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் பருவத் தொடக்கத்திலேயே ஒரு பள்ளியைத் தத்தெடுத்து, பாய்கள், பேட்டரிகள், உதிரி மோட்டார் ஒன்றிரண்டு, வயர் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் நல்ல கிரிம்பிங் கருவி ஒன்று வாங்கிக் கொடுக்கட்டும். தங்கள் நாளிதழும் செப்டம்பரில் விளையாட்டு அறிவிக்கப்படும் வாரத்தில் ஒருமுறை இந்த அணிகளைப் பற்றி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி ரோபோ அணிகளின் தன்னார்வப் பயிற்சியாளர்கள் சிலர்,
சென்னை