பதினைந்து நாள் சீல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரமங்கலத்தில் இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஃபேக்டரிகளின் பழுது வேலைதான் பாதி வருமானம். மே மாதமானால் இன்ஜினியரிங் பிள்ளைகள் வருவார்கள், வேலை பழக அல்ல. "பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப் வந்ததா லெட்டர்ஹெட்ல எழுதி ஒரு சீல் போட்டுக் கொடுங்கண்ணா" என்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன், அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

போன வருடம் ஒரு பையன் மட்டும் கடைசி செமஸ்டர் முழுக்க நின்றான். முதல் நாள், நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைப் பிடிக்கவே தெரியவில்லை. ஆனால் எந்த ஃபிட்டுக்கு (பாகங்கள் பொருந்தும் இறுக்கத்துக்கு) எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் விடலாம் என்ற வித்தியாசம்) என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். குச்சிக்கிழங்கு சீசனில் ஒரு அரவை மெஷின் ஷாஃப்ட் மூன்றாம் தடவையாக பேரிங் போய் வந்தது. நான் புதுசை எடுத்துச் சுத்தியலைத் தேடினேன். அவன் பேரிங் உட்காரும் இடத்தை அளந்தான். "ரொம்ப டைட்டுண்ணா, உள்ளே குண்டு சுத்த இடமே இருக்காது, சூடாகித்தான் போகுது" என்றான். இருபது வருடமாக அடித்தே ஏற்றிய கை என்னுடையது! அளவு குறைத்து, பேரிங்கை எண்ணெயில் சூடாக்கி ஏற்றினோம். அந்த ஷாஃப்ட் அப்புறம் வரவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாம்பிள்களுக்கெல்லாம் அவன் டிராயிங் போட்டு வைத்ததால், இப்போது போனில் பெயரைச் சொன்னாலே கடைந்துவிடுகிறோம்.

படிக்கும்போதே பிள்ளைகளைப் பட்டறையில் நிறுத்திப் பழக்குவது புது யோசனை இல்லை. 1906-இல் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 27 மாணவர்களோடு இதைத் தொடங்கியிருக்கிறார். ஒரு வேலைக்கு இரண்டு பேர். ஒருவன் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவன் மெஷினில். முதலாளிக்கு ஆள் விடுபடாது. கோவை பி.எஸ்.ஜி.யில் படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் வரும் ஐந்து வருட சாண்ட்விச் பி.இ. இருக்கிறது, என் மைத்துனர் அதில் படித்தவர், இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டதாரிப் பயிற்சியாளரின் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அது படிப்பு முடிந்த பிறகு. நான் கேட்பது படிக்கும்போதே.

சேலத்துக் கல்லூரிகள் பதினைந்து நாளை விட்டுவிட்டு ஒரு செமஸ்டராக அனுப்பட்டும். அதுவும் சீசன் நேரத்தில். கோடையில் எங்களுக்கே வேலை குறைவு, பையன் எதைப் பார்ப்பான்? அடுத்த அரவை தொடங்குவதற்குள் இரண்டு பேர் வந்தால் உதவித்தொகையும் மதியச் சாப்பாடும் தருகிறேன். ஞாயிறு மட்டும் லீவு.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
சூரமங்கலம், சேலம்.